ராமர் பச்சையில் ஒரு வில்

ஒரு பொருளைப் பற்றி எதுவுமே தெரியாதவனுக்கு அதன் நிறத்தைப் பற்றி மட்டும் அசைக்க முடியாத கருத்து இருக்கும். டிராக்டர் வாங்கப் போகிறவரோடு துணைக்குப் போகும் மச்சான்களைக் கவனித்துப் பாருங்கள். எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். "நீலம் எடுங்க மாமா, போட்டோவுல எடுப்பா இருக்கும்" என்பார்கள். அந்த மச்சான்களுக்கெல்லாம் ஒரு சங்கம் வைத்தால் தலைவராக என்னைவிடத் தகுதியான ஆள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கிடையாது. நான் ஒரு வில்லையே புடவைக்கு மேட்ச்சாகச் செய்யச் சொன்னவன்.

வில் என்றால் அம்பு விடுகிற வில்தான். கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு, மரத்தில், கையால் செய்யப்பட்ட நெடுவில்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. சங்கராபுரத்தில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். மணலூர்பேட்டைப் பக்கத்தில் ஒரு கரும்பு விவசாயியின் மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெயர் ஜெனிட்டா. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக அணிக்காக வில்வித்தைப் போட்டிகளில் கலந்துகொண்டவள்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய ஐந்து மாதங்களில் அவள் போனில் எவ்வளவோ பேசினாள். நான் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். "காலேஜ்ல ஃபைபர் வில்லுதாங்க. மரத்துல செஞ்ச நீட்டு வில்லு ஒண்ணு கையில புடிக்கணும்னு ரொம்ப நாளா ஆச."

என் நண்பர்கள் எல்லாம் நிச்சயத்தன்று பெண்ணுக்குக் கைபேசி கொடுத்தவர்கள். நான் வில் கொடுக்கப் போகிறேன்! அதுவும் அவளுக்குத் தெரியாமல்! அந்த யோசனை வந்த அன்று என் அறிவை எண்ணி நானே அரைமணி நேரம் மெய்மறந்து உட்கார்ந்திருந்தேன். (பிறகு அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைக்கவே இல்லை.)

விசாரித்ததில் கல்வராயன் மலையடிவாரத்தில், வெள்ளிமலைக்கு ஏறுகிற சாலையில், மல்லிகா என்பவர் மரப்பட்டறை வைத்திருப்பதாகத் தெரிந்தது. கட்டில், கதவு, நிலை எல்லாம் செய்வார். கூடவே வில்லும் செய்து பெங்களூருக்குக் கூரியரில் அனுப்புவார். நாற்பது வயதுக்காரர். போன் செய்தவுடன் வாட்ஸப்பில் ஒரு படிவம் அனுப்பினார். பன்னிரண்டு கேள்விகள். பதினொன்றாவது கேள்வி: நிறம். அதற்கு மட்டும் ஒரு பக்கம் எழுதினேன். மற்ற எல்லாவற்றுக்கும் 'தங்கள் விருப்பம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். மல்லிகாக்கா கதவுப் பலகை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அந்த ஃபாரம் அனுப்புனது நீங்கதானா சார்? உயரம் போடல. எந்தக் கைன்னு போடல. நாண எத்தினி பவுண்டு பலத்துல இழுப்பாங்கன்னு போடல. கலர மட்டும் கதையா எழுதிக்கிறீங்க."

"அதுதான்க்கா முக்கியம்."

அக்கா இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"செரி. அவங்களுக்கு எந்தக் கைங்க?"

"ரெண்டு கையும் நல்லாத்தான்க்கா இருக்கு."

அக்கா இழைப்புளியை மறுபடி எடுத்து, மறுபடி கீழே வைத்தார். பிறகு அக்கா பொறுமையாக, எந்தக் கையால் வில்லைப் பிடித்து எந்தக் கையால் நாணை இழுப்பார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லவும் முடியாது. ரகசியம் போய்விடும். போனில் இருந்த ஜெனியின் போட்டிப் படங்களைக் காட்டினேன். முதல் படத்தைப் பார்த்தவுடன் அக்கா சொன்னார்: "இடது கைக்காரங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தை நான் குறைந்தது இருநூறு தடவை பார்த்திருப்பேன். அவள் போட்டிருந்த பனியன் கத்தரிப்பூ நிறம் என்பது எனக்குத் தெரியும். காலரில் வெள்ளைக் கரை என்பதும் தெரியும். எந்தக் கை என்பது மட்டும் தெரியவில்லை.

பிறகு மரம். அக்கா நாலைந்து துண்டுகளை வரிசையாக வைத்தார். மூங்கில், தடசு, வாகை, ஈட்டி. வில்லை இழுக்கும்போது வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் நசுங்கும். அதனால் வெளிப்பக்கத்துக்கு மூங்கில் பட்டையும் உள்பக்கத்துக்குத் தடசும் வைத்து ஒட்டினால்தான் தாங்கும் என்றார். தடசு என்பது கோடாலிக்குக் காம்பு போடும் மரம். எவ்வளவு அடித்தாலும் ஒடியாது, வளைந்து கொடுக்கும். இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ஈட்டித் துண்டைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டிருந்தேன்.

"முழுசும் இதுலயே செஞ்சிடலாம்க்கா. என்னா கலரு!"

"அது கட்டிலுக்குப் போடலாம் சார். கல்யாணத்துக்கு அப்புறம் வாங்க, செஞ்சி தரேன்."

கடைசியில் கைப்பிடியில் மட்டும் ஒரு துண்டு ஈட்டி வைப்பது என்று ராஜியானோம்.

அடுத்தது நிறச் சேர்க்கை. இதற்காக மட்டும் நான் மூன்று முறை மலையடிவாரத்துக்குப் போனேன். நம் ஊரில் எந்த இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய கொடியாகிவிடுகிறது. நான் ஒரு ஜோடி சொல்வேன். அக்கா தலையை ஆட்டி, "கட்சிக்காரர் வில்லுன்னுவாங்க" என்பார். இன்னொரு ஜோடி சொல்வேன். "இது சாதிக் கொடி சார், ரெண்டு ஊருக்குள்ள வெட்டுக்குத்து ஆயிரும்." மூன்றாவதாக ஒன்று சொன்னபோது பட்டறைக்குள் எட்டிப் பார்த்த பால்காரரே, "அது எங்க சங்கம்ங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே நான் புடவைக்கு வந்தேன். நிச்சயதார்த்தப் புடவை எங்கள் வீட்டில் எடுத்தது. ராமர் பச்சை உடல், அரக்குக் கரை. (கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தாலும் பட்டு விஷயத்தில் அந்தப் பச்சைக்கு வேறு பெயர் கிடையாது.) அம்மா பீரோவில் வைத்திருந்த அந்தப் புடவையின் உள்முனையில், யாருக்கும் தெரியாத இடம் என்று நானே முடிவு செய்து, உள்ளங்கை அளவுக்குக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் கழித்து அம்மா அதைப் பார்த்துவிட்டு, கடைக்காரன் எலி கடித்த புடவையை ஏமாற்றிக் கொடுத்துவிட்டான் என்று அழுதார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எலிக்கு நேர்கோட்டில் கடிக்கத் தெரியுமா என்று யாரும் யோசிக்கவுமில்லை.

"முழுசும் இந்தப் பச்சை. முனை ரெண்டும் அரக்கு. கைப்பிடித் தோலு மாம்பழ மஞ்சள். நாண் வெள்ளை. அம்பு இறகு மயில் கழுத்து" என்றேன்.

மல்லிகாக்கா என்னை வெகுநேரம் பார்த்தார். "சார், இது வில்லு. தேரு இல்ல."

பேரம் நடந்தது. பெயிண்ட் அடிக்க முடியாது, மூங்கிலின் நார் ஓட்டம் தெரியும்படி பச்சைச் சாயம் மட்டும் ஏற்றித் தருகிறேன் என்றார். முனைகளில் அரக்கு நூல் சுற்றித் தருவார். மாம்பழ மஞ்சள் தோலைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பழுப்புதான்.

நிச்சயத்துக்கு மூன்று நாள் முன்னால் வில் தயாரானது. உண்மையைச் சொல்ல வேண்டும். அது அழகாக இருந்தது. பச்சைச் சாயத்துக்கு அடியில் நார் ஓட்டம் தண்ணீரில் தெரியும் மணல் மாதிரி தெரிந்தது. அக்கா என் கண் முன்னாலேயே அம்பு மாற்றி அம்பு விட்டுக் காட்டினார். நாண் பூட்டவும் கழற்றவும் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு வில்லைத் திருப்பி, பச்சைப் பக்கத்தைத் தடவிக் காட்டினார்.

"இந்தப் பக்கம்தான் இதுக்கு உசுரு. ஒரு நகக் கீறல் கூட வுழக் கூடாது. ஒரு நாரு அறுந்தாலும் அங்கதான் ஒடியும். புரிதா சார்?"

"புரியுதுக்கா" என்றேன். சொன்னபோது நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? இவ்வளவு பெரிய பச்சை வெளி வெறுமையாக இருக்கிறதே, அங்கங்கே கொஞ்சம் அரக்கு இருந்தால் சேர்க்கை பூர்த்தியாகுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவையும் நிச்சயத்துக்கு அழைத்துவிட்டுக் கிளம்பினேன். கள்ளக்குறிச்சியில், எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கும் கடை ஒன்று கண்ணில் பட்டது. வண்டி தானாக நின்றது. (தானாகத்தான் நின்றது. இன்றுவரை என் வாக்குமூலம் அதுதான்.)

கடைக்காரர் வில்லைப் புரட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, கம்பு மாதிரிகீது? எவர்சில்வரு இல்லியே."

"பேரு வெட்டணும்ணே. அந்தோணி, நடுவுல ஒரு ஹார்ட்டு, அப்புறம் ஜெனிட்டா."

"அன்பளிப்புன்னு போடட்டுமா?"

"வேணாம்ணே. ஆனா ஆழமா வெட்டுங்க. உள்ள அரக்குக் கலர் ஊத்தணும்."

"ஆழமா வெட்டுனா மரம் தாங்குமா?"

பாருங்கள், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவருக்குக்கூடச் சந்தேகம் வந்தது. எனக்கு வரவில்லை. மிஷின் 'விர்'ரென்று பாடியது. பச்சைச் சீவல் பறந்தது. ஹார்ட் சின்னதாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு சுற்று ஆழப்படுத்தச் சொன்னேன். வீட்டில் உட்கார்ந்து, நெயில் பாலிஷ் தூரிகையால் அரக்கு நிறத்தை ஊற்றி முடித்தபோது, இந்த வேலையை விட்டுவிட்டுக் கலைத்துறைக்குப் போய்விடலாமா என்று தோன்றியது.

நிச்சயதார்த்தம் ஜெனியின் ஊர் சர்ச் ஹாலில். மேடையில் தெர்மோகோலில் எங்கள் பெயர்கள். இரண்டு பக்கத்துச் சொந்தமும் முந்நூறு பேருக்கு மேல். ஃபாதர் ஜெபம் சொன்னார், நிச்சய ஓலை வாசித்தார்கள், மோதிரம் மாற்றினோம். பின்னால் பிரியாணி தம் போட்டிருந்த வாசனை வந்துகொண்டிருந்தது. மல்லிகாக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் மைக்கை வாங்கி, "ஜெனிக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றேன். என் அத்தை மகன்கள் இருவர் துணி சுற்றிய வில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஜெனி துணியைப் பிரித்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். கைப்பிடியைப் பிடித்தாள், இடது கைக்காரர்கள் பிடிக்கிறபடி. கண்ணில் தண்ணீர். பிறகு வில்லைத் திருப்பினாள். அவள் விரல் எங்கள் பெயர்கள்மேல் மெதுவாக ஊர்ந்தது. ஹார்ட்டில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

"நாண் பூட்டி இழும்மா, பாப்போம்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

ஜெனி என் பக்கம் சாய்ந்து, "இங்க வேணாங்க" என்றாள்.

"ஒரே ஒரு தடவ, ஜெனி. எல்லாரும் பாக்கறாங்க."

"வேணாங்க. சொன்னா கேளுங்க. இத செவுத்துல மாட்டிக்கலாம்."

சுவரில் மாட்டுவதா! ஐந்து தடவை மலையடிவாரத்துக்குப் போய், புடவையைக் கத்தரித்து, எலி மேல் பழி போட்டுச் செய்த வில்லை நாள்காட்டி மாதிரி மாட்டுவதா! எனக்குச் சுருக்கென்றது. வெட்கப்படுகிறாள் போல என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வில்லை அவள் கையிலிருந்து வாங்கி, அக்கா சொல்லிக்கொடுத்தபடி காலுக்கு இடையில் வைத்து வளைத்து நாணைப் பூட்டினேன். எங்கேயோ 'கிர்க்' என்று ஒரு சின்னச் சத்தம். நாற்காலிச் சத்தம் என்று நினைத்தேன். மூன்றாவது வரிசையில் மல்லிகாக்கா எழுந்து நின்றதும் தெரிந்தது. கைதட்டத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இழுத்தேன்.

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது? பள்ளிக்கூடத்து வாசலில் லாரி டயர் வெடித்த மாதிரி. வில் இரண்டாகப் போனது. மேல் துண்டு நாணோடு சுழன்று வந்து என் நெற்றியில் அடித்தது. பச்சைச் சிராய் ஒன்று பறந்து போய் ஃபாதரின் ரோஸ் மில்க்கில் நட்டுக்கொண்டு நின்றது. ஒரு குழந்தை வீறிட்டது.

என் கையில் இருந்த துண்டில் 'ஜெனிட்டா'. தரையில் கிடந்த துண்டில் 'அந்தோணி'. ஹார்ட் சரிபாதியாகப் பிளந்திருந்தது. பாத்திரக் கடைக்காரர் அளவெடுத்து வெட்டியிருந்தால்கூட அவ்வளவு துல்லியமாக வந்திருக்காது.

ஜெனியின் அத்தை ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். "நாம சகுனம்லாம் பாக்கக் கூடாது... ஆனா இத எப்படிப் பாக்காம இருக்கறது?"

என் அம்மா நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்கள். எனக்கு நெற்றியில் ரத்தம் வடிகிறது, காதில் ரீங்காரம். அந்த நிலையில் ஒரு மனிதனின் வாயில் என்ன வரும்? உண்மையான மனிதன் என்றால் உண்மை வரும். எனக்கு வந்தது இதுதான்:

"மல்லிகாக்கா ஏமாத்திட்டாங்க!"

மைக் அணைக்கப்படவில்லை. ஹாலுக்கு வெளியே கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாக அது தெருமுழுக்கப் போனது.

மல்லிகாக்கா மேடைக்கு வந்தார். தரையில் கிடந்த துண்டை எடுத்தார். என் கையில் இருந்ததையும் வாங்கினார். இரண்டையும் ஒட்டவைத்து, ஒடிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இத நான் வெட்டலியே சார்" என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் நெற்றியில் விழுந்த அடியைவிட வலித்தது.

ஜெனியின் அப்பா எழுந்து வந்தார். அதிகம் பேசாத மனிதர். "மாப்ள, இதுல பேரு வெட்டுனது யாரு?"

"நான்தாங்க மாமா. கள்ளக்குறிச்சியில..."

"வெட்டக் கூடாதுன்னு இந்தம்மா சொன்னாங்களா?"

"கீறல் வுழக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அப்ப அவங்க மேல ஏன் பழி போட்டீங்க?"

ஜெனி விரலில் இருந்த மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கிப் பக்கத்து அறைக்குள் போய்விட்டாள். கதவு சாத்தப்பட்டது. ஹாலில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. பிரியாணி தம் உடைத்தாயிற்று, ஆனால் பந்தி போடச் சொல்ல ஆளில்லை. யாரும் எழுந்து போகவுமில்லை. (வாசனை அப்படி.)

அரைமணி நேரம் நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றேன். வில் ஒடிந்ததால் கல்யாணம் நின்றால் ஊர் அதைச் சகுனம் என்று சொல்லும். எனக்கு மட்டும் காரணம் தெரியும். வில் ஒடிந்தது கூட இல்லை காரணம்.

கதவு திறந்தது. ஜெனி வெளியே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"வில்லு ஒடிஞ்சதுக்கு எனக்கு வருத்தமில்ல. அது வெட்டுன அன்னிக்கே ஒடிஞ்சிப் போச்சி. நாளைக்கு நம்ம வூட்ல ஒண்ணு ஒடஞ்சா என் பேர சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. நான் மைக்கை எடுத்தேன். "வில்லு ஒடிஞ்சதுக்கு நான்தான் காரணம். பேரு வெட்டுனது நான். வேணாம்னு ஜெனி சொல்லியும் இழுத்தது நான். மல்லிகாக்கா நல்ல வில்லுதான் குடுத்தாங்க. அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன். ஆரம்பித்தவன் நிறுத்தத் தெரியாமல், "புடவைய கத்தரிச்சதும் நான்தான், எலி இல்ல, கடைக்காரரும் இல்ல" என்று அதையும் சொல்லிவிட்டேன்.

ஜெனி இடுப்பில் செருகியிருந்த புடவையின் உள்முனையை லேசாக இழுத்துப் பார்த்தாள். ஒரு சதுரம் காணோம். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலில் அவள், பிறகு அவளுடைய அப்பா, பிறகு ஹால் முழுக்க. என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்புடலாமா சார்? எனக்கு வெள்ளிமல பஸ்ஸு போயிரும்" என்றார் மல்லிகாக்கா.

கல்யாணம் நடந்தது. ஜெனி தன் வில்லுக்குத் தானே போய் ஆர்டர் கொடுத்தாள். மூங்கிலும் தடசும், நிறம் எதுவும் வேண்டாம், எண்ணெய் மட்டும் போதும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். நான் வண்டியை விட்டு இறங்கக்கூட அனுமதிக்கப்படவில்லை.

இன்று எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், எது வெடித்தாலும், குக்கர் வால்வோ, பலூனோ, தெருவில் ஒரு டயரோ, குடும்பமே ஒரே குரலில் சொல்லும்: "மல்லிகாக்கா ஏமாத்திட்டாங்க!" ஐந்து வயது மகளுக்கு அந்தக் கதை தெரியாது. ஆனாலும் டம்ளரைக் கீழே போட்டால் அவளும் அதையேதான் சொல்கிறாள். மாமனார் ஒருமுறை பல் பிடுங்கிக்கொண்டு வந்து, வாயில் பஞ்சோடு, அதையேதான் சொன்னார்.

போன கிறிஸ்துமஸுக்கு மல்லிகாக்கா வந்திருந்தார். கேக் கொடுத்த பீங்கான் தட்டு அவர் கையிலிருந்தே நழுவி, தரையில் விழுந்து சுக்குநூறாகிவிட்டது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வழக்கமான வாக்கியம் எல்லோர் நாக்கு நுனியிலும் வந்து நின்றது.

அக்கா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, விரலை என் பக்கம் நீட்டினார்.

"அந்தோணி சார் ஏமாத்திட்டாரு."